பொம்மைமேல் எடுத்த மதிப்பெண்: சிமுலேஷன் ஆய்வுக்கு அளவுகோல் தேடுவதும் தேர்வதும்

டான்சானியாவில் ஹைடம் என்ற ஊரில் ஒரு லூத்தரன் மருத்துவமனை இருக்கிறது. பிறந்ததும் மூச்சுவிடாத குழந்தையை முதல் நிமிடத்துக்குள் எப்படி மீட்பது என்று சொல்லித்தரும் 'ஹெல்ப்பிங் பேபீஸ் பிரீத்' பயிற்சி அங்கே ஒருநாள் வகுப்பாக நடந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2010-இல் வெளியிட்ட பயிற்சி இது. பொம்மைக் குழந்தையைத் துடைத்து, தூண்டி, ஆம்பு பேக்கால் காற்றுக் கொடுத்துப் பழக வேண்டும். சில மாதங்கள் கழித்து அதே ஊழியர்களைப் பொம்மையை வைத்துச் சோதித்தார்கள். திறமை நன்றாகவே கூடியிருந்தது. ஆனால் அந்த ஆய்வுக் குழு இன்னொரு வேலையும் செய்திருந்தது. பிரசவ அறையில் உண்மையான பிரசவங்களைக் கவனித்துக் குறித்து வைத்திருந்தது. அங்கே குழந்தைகளைக் கையாண்ட விதம் பயிற்சிக்கு முன்பு போலவேதான் இருந்தது. 2013-இல் இந்த முடிவு வெளியானது. பயிற்சியையும் மாற்றினார்கள். ஒருநாள் வகுப்போடு விடாமல், பணியிடத்திலேயே அடிக்கடி சில நிமிடப் பயிற்சி. பிறந்த 24 மணி நேரத்துக்குள் நேரும் இறப்பு குறைந்ததை 2015-இல் எழுதினார்கள்.

அந்தக் குழு பொம்மையோடு நிறுத்திக்கொண்டிருந்தால் 'பயிற்சி வெற்றி' என்று எழுதியிருக்கும். எழுதிய எண்களில் ஒன்றுகூடப் பொய்யாக இருந்திருக்காது. அளந்தது ஒன்று, சொல்ல வந்தது வேறொன்று என்பதுதான் குறையாக இருந்திருக்கும். சிமுலேஷன் ஆய்வில் அளவுகோலைத் தேர்வது கடைசியில் முடித்துக்கொள்ளும் சில்லறை வேலை அல்ல. ஆய்வாளர் எதைச் சொல்ல உரிமை பெறுகிறார் என்பது அந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது.

நம் செவிலியர் கல்லூரிகளின் முதுகலை ஆய்வேடுகளைப் புரட்டுகிறவர்களுக்கு ஒரு வடிவம் பழகிப்போயிருக்கும். ஒரே குழு. பயிற்சிக்கு முன் ஒரு தேர்வு, பின் ஒரு தேர்வு. ஆய்வாளரே தயாரித்த கொள்குறி வினாத்தாள். பின்னிணைப்பில் ஐந்தாறு நிபுணர்கள் கையெழுத்திட்ட 'டூல் வேலிடேஷன்' சான்றிதழ்கள். நம்பகம் 0.8 என்று ஒரு வரி. சிமுலேஷன் வகுப்பில் மாணவர்கள் கையால் செய்து பழகியது நெஞ்சழுத்தம். அளந்ததோ நெஞ்சழுத்தம் பற்றிய அறிவு. பாடம் நடத்தியவுடன் அதே கேள்விகளைக் கேட்டால் மதிப்பெண் கூடத்தான் செய்யும். அதைக் காட்ட விலையுயர்ந்த மேனிகின் பொம்மை தேவையில்லை, கரும்பலகையே போதும். இதை மாணவர்களின் குறையாகப் பார்க்க எனக்கு மனமில்லை. இருக்கும் கருவிகள் எவை, எங்கே கிடைக்கும், எதைப் பார்த்து எடுக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லித்தருவதில்லை.

எந்த மட்டத்தில் அளக்கிறோம் என்பதிலிருந்து தொடங்கலாம். டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் பயிற்சிகளை மதிப்பிட நான்கு படிகளை வகுத்தார்: கற்றவருக்குப் பிடித்ததா, கற்றுக்கொண்டாரா, பணியில் நடத்தை மாறியதா, அதனால் பலன் விளைந்ததா. தொழில் நிறுவனங்களுக்காக எழுதியது என்றாலும் மருத்துவக் கல்வி அதை அப்படியே எடுத்துக்கொண்டது. சிமுலேஷன் ஆய்வுகளில் பெரும்பங்கு முதல் இரண்டு படிகளிலேயே நிற்கிறது. மேலே ஏறியவர்களும் உண்டு. பிரிட்டனில் பிரிஸ்டல் நகரின் சவுத்மீட் மருத்துவமனையில், பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் அவசரநிலைக்கு எல்லா ஊழியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அப்படித் தோள் சிக்கிய பிரசவங்களில் குழந்தைக்குக் காயம் நேர்ந்த விகிதம் 9.3 சதவீதத்திலிருந்து 2.3 சதவீதமாக இறங்கியதை 2008-இல் வெளியிட்டார்கள். சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு, மையச் சிரைக் குழாய் செலுத்துவதில் இளம் மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அந்தக் குழாயால் வரும் ரத்தத் தொற்று ஆயிரம் குழாய்-நாட்களுக்கு 3.20-இலிருந்து 0.50 ஆகக் குறைந்ததை 2009-இல் காட்டியது. இந்த இரண்டிலும் கடைசி அளவுகோல் எந்த வினாத்தாளும் அல்ல, மருத்துவமனைப் பதிவேடு. எல்லோராலும் அந்தப் படிவரை போக முடியாது, போகவும் வேண்டியதில்லை. எந்தப் படியில் நிற்கிறோமோ அந்தப் படிக்குரிய வாக்கியத்தை மட்டும் எழுதினால் போதும்.

முதல் படிக் கருவிகளே அதிகம் புழங்குகின்றன. அமெரிக்க தேசிய செவிலியர் கல்விக் கழகமான என்.எல்.என். வெளியிட்ட, மாணவர் திருப்தியையும் கற்றலில் தன்னம்பிக்கையையும் கேட்கும் 13 கேள்விப் படிவம் உலகம் முழுக்கப் போயிருக்கிறது. சிமுலேஷன் நல்லபடியாக நடந்ததா என்று மாணவரிடமே கேட்கும் 'செட்-எம்' என்ற 19 கேள்விப் படிவமும் அப்படியே. வகுப்பைச் சீர்செய்ய இவை உதவும். ஆனால் தன்னம்பிக்கை கூடியது என்பதை வைத்துத் திறமை கூடியது என்று எழுதுவதுதான் எங்கும் நடக்கிறது. 2006-இல் 'ஜாமா' இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, மருத்துவர்கள் தம்மைத் தாமே மதிப்பிட்டதையும் வெளியார் அவர்களை மதிப்பிட்டதையும் ஒப்பிட்டது. கிடைத்த 20 ஒப்பீடுகளில் 13-இல் இரண்டுக்கும் தொடர்பு மிகக் குறைவு, அல்லது இல்லவே இல்லை, அல்லது தலைகீழ். அனுபவமுள்ள மருத்துவர்களுக்கே இந்த நிலை என்றால், மூன்றாம் ஆண்டு மாணவி 'எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது' என்று வட்டமிடுவதை நோயாளியின் பாதுகாப்புக்குச் சான்றாகக் காட்டக்கூடாது. தன்னம்பிக்கையையே ஆராய்கிறவர் தாராளமாகப் பயன்படுத்தட்டும்.

செய்முறையைக் கண்ணால் பார்த்து மதிப்பிடும் கருவிகளுக்குத்தான் வளமான வரலாறு இருக்கிறது. 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் ஆஸ்கி தேர்வை அறிமுகப்படுத்தினார். இன்று நம் கல்லூரிகளிலும் மணியடித்து நிலையம் மாறும் தேர்வு அதுதான். அதன் உயிர் செக்லிஸ்ட்: செய்தாரா, செய்யவில்லையா. டொரன்டோவில் ரிச்சர்ட் ரெஸ்னிக் குழு 1990-களில் அறுவைத் திறனுக்கு உருவாக்கிய 'ஓசாட்ஸ்' செக்லிஸ்டோடு இன்னொன்றையும் சேர்த்தது. திசுவைப் பக்குவமாகத் தொடுகிறாரா, கை வீணாக அலைகிறதா, உதவியாளரைச் சரியாகப் பயன்படுத்துகிறாரா என்று ஏழு கூறுகளை ஐந்து புள்ளிகளில் நிபுணர் பார்த்துச் சொல்லும் ஒட்டுமொத்த மதிப்பீடு அது. எது நல்லது என்ற வாதம் அன்றே தொடங்கிவிட்டது. 1999-இல் அதே டொரன்டோவிலிருந்து வந்த ஓர் ஆய்வு எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. மாணவர்கள், பயிற்சி மருத்துவர்கள், அனுபவமுள்ள மருத்துவர்கள் என மூன்று தரப்பினரையும் ஒரே ஆஸ்கி நிலையங்களில் நிறுத்தினார்கள். ஒட்டுமொத்த மதிப்பீட்டில் அனுபவசாலிகள் முந்தினார்கள். செக்லிஸ்டில் பின்தங்கினார்கள். காரணம் புரியாததல்ல. தேர்ந்த மருத்துவர் நான்கு கேள்வியில் நோயைப் பிடித்துவிடுவார், செக்லிஸ்டோ இருபது கேள்வியையும் கேட்டாரா என்று பார்க்கும்.

இதை வைத்து செக்லிஸ்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. வரிசை மாறினால் உயிருக்கு ஆபத்து என்ற செயல்களுக்கு அதுதான் பொருத்தம். மையச் சிரைக் குழாய்க்கு முன் கிருமிநீக்கம் செய்தாரா என்பதில் நடுவழி கிடையாது. இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2015-இல் வந்த தொகுப்பாய்வும், மதிப்பிடுவோர் ஒத்துப்போவதில் செக்லிஸ்ட் நாம் நினைத்ததைவிட நன்றாகவே நிற்கிறது என்றும், நிலையத்துக்கு நிலையம் நிலைத்து நிற்பதில் ஒட்டுமொத்த மதிப்பீடு மேல் என்றும் கண்டது. ஆக, புதியவர்களா தேர்ந்தவர்களா, ஒரு செயலா பல செயல்களா என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

கைத்திறனுக்கு அப்பாற்பட்டவைக்கும் கருவிகள் உண்டு. மயக்க மருந்தியலில் அபர்டீன் பல்கலைக்கழகக் குழு 2003-இல் வெளியிட்ட 'ஆன்ட்ஸ்' பணி மேலாண்மை, குழுப்பணி, சூழலறிவு, முடிவெடுத்தல் என்ற நான்கு பிரிவுகளில் 15 கூறுகளைப் பார்க்கிறது. அதன் தம்பி அறுவை மருத்துவர்களுக்கான 'நாட்ஸ்'. அவசரநிலைக் குழுக்களுக்கு 2010-இல் வந்த 'டீம்' 11 கூறுகளோடு ஓர் ஒட்டுமொத்த மதிப்பெண்ணும் கேட்கும். சில நிமிடத்தில் முடியும் என்பதால் எனக்குப் பிடித்தது. செவிலியரின் மருத்துவத் தீர்ப்புக்கு 2007-இல் கேத்தி லசாட்டர் உருவாக்கிய அட்டவணை இருக்கிறது. கவனித்தல், பொருள் கொள்ளல், செயல்படல், திரும்பிப் பார்த்தல் என்ற கிறிஸ்டின் டானரின் மாதிரியை அது 11 கூறுகளாக விரிக்கிறது. கிரைட்டன் பல்கலைக்கழகத்தின் திறன் மதிப்பீட்டுக் கருவிக்கு இன்னும் பெரிய சோதனை நடந்தது. வார்டு நேரத்தில் பாதிவரை சிமுலேஷனால் ஈடுசெய்யலாமா என்று அமெரிக்காவின் 10 செவிலியர் கல்லூரிகளில் 666 மாணவர்கள் முடித்த, 2014-இல் வெளியான ஆய்வு அதைப் பயன்படுத்தியது. அந்த ஆய்வு ஒரே கருவியை நம்பவில்லை. அறிவுத் தேர்வு, வார்டில் ஆசிரியர்களின் மதிப்பீடு, உரிமத் தேர்வில் தேர்ச்சி, பணியில் சேர்ந்தபின் மேலாளர்களின் கருத்து என அடுக்கிக்கொண்டே போனது. சிமுலேஷன் முடிந்து நடக்கும் டீப்ரீஃபிங் கலந்துரையாடலை மதிப்பிட பாஸ்டனின் 'டாஷ்' இருக்கிறது.

சிலவற்றுக்கு இந்தப் படிவங்கள் எதுவுமே வேண்டாம். நெஞ்சழுத்தத்தின் தரத்தை சென்சார் உள்ள மேனிகினே சொல்லிவிடும். ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர், வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலெழ வேண்டும். இதைக் கண்ணால் பார்த்து 'ஆழம் சரி' என்று டிக் அடிப்பதைவிடக் கருவியின் எண் எவ்வளவோ மேல். ஆனால் அந்த எண்ணையும் கூர்ந்து பார்க்க வேண்டும். ஒரு மாணவர் பாதி அழுத்தங்களை நான்கரை சென்டிமீட்டரும் மீதிப் பாதியை ஆறரை சென்டிமீட்டரும் கொடுத்தால் சராசரி ஐந்தரை, பார்க்க அழகாக இருக்கும். உண்மையில் ஓர் அழுத்தமும் சரியில்லை. அதனால் சராசரி ஆழத்தை விட்டுவிட்டு, 'சரியான ஆழத்தில் விழுந்தவை எத்தனை சதவீதம்' என்று எழுதுவதே நேர்மை.

தேடுவது எங்கே? பலர் 'சிமுலேஷன் டூல்' என்று கூகுளில் போட்டுக் கைவிடுகிறார்கள். அளக்க வேண்டிய பண்பின் பெயரில் தேட வேண்டும்: மருத்துவத் தீர்ப்பு, குழுப்பணி, மன அழுத்தம், வேலைச்சுமை. வேலைச்சுமைக்கு நாசா 1988-இல் வெளியிட்ட ஆறு கூறு அளவுகோல், அறுவை சிமுலேஷன் ஆய்வுகளிலும் தாராளமாகப் புழங்குகிறது. விமானத்துறைக்கு வந்ததை நாம் தேடாமல் விட்டிருந்தால் இழந்திருப்போம். பப்மெட், செவிலியத்துக்கு சினால் என்ற இரண்டு கட்டுரைத் தரவுத்தளங்களும் அடிப்படை. 'கிளினிக்கல் சிமுலேஷன் இன் நர்சிங்' இதழில் 2010-இலும் 2013-இலும் வந்த இரண்டு தொகுப்பாய்வுகள் அதுவரை வெளியான கருவிகளைத் திரட்டி ஒவ்வொன்றின் ஏற்புடைமையையும் நம்பகத்தையும் எடைபோட்டுத் தந்தன. சர்வதேசச் செவிலியர் சிமுலேஷன் அமைப்பான இனாக்சல் கருவிகளின் தொகுப்பு ஒன்றைப் பராமரிக்கிறது. உளவியல் பக்கக் கருவிகளுக்கு 1938-இல் தொடங்கி, இப்போது அமெரிக்காவின் பியூரோஸ் மையம் வெளியிட்டுவரும் ஆண்டுநூல் வரிசை இருக்கிறது. ஒரு கருவி கிடைத்ததும் அதன் மூலக் கட்டுரையைக் கண்டுபிடிப்பது முதல் வேலை. அதைவிட முக்கியம், அந்த மூலக் கட்டுரையை மேற்கோள் காட்டிப் பின்னால் வந்தவற்றைப் படிப்பது. கருவியை உருவாக்கியவர் அதைப் பற்றி நல்லதையே சொல்வார். பத்தாண்டு கழித்து வேறு நாட்டில் யாரோ பயன்படுத்திப் பார்த்துச் சொல்வதுதான் கூடுதல் மதிப்புள்ளது. அனுமதியை முதலிலேயே வாங்க வேண்டும். ஸ்பீல்பெர்கரின் பதற்ற அளவுகோலுக்குக் கட்டணம் உண்டு, பல கருவிகள் ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினாலே கிடைத்துவிடும். தரவெல்லாம் திரட்டி முடித்துவிட்டு அனுமதி கேட்டு அல்லாடும் மாணவர்களைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது.

இனி ஏற்புடைமை. நம்மிடம் 'வேலிடேட் செய்த டூல்' என்ற பேச்சு ஊறிப்போயிருக்கிறது, ஒருமுறை முத்திரை குத்தினால் எப்போதும் செல்லும் என்பதுபோல. உளவியலாளர் சாமுவேல் மெசிக் காலத்திலிருந்து அளவீட்டியலின் நிலைப்பாடு வேறு. ஏற்புடைமை கருவியின் சொத்து அல்ல. இந்த மதிப்பெண்ணை இந்த ஆட்களிடம், இந்தக் காரியத்துக்கு, இப்படிப் பொருள்கொள்ளலாமா என்ற வாதத்தின் வலு. அமெரிக்கக் கல்வி, உளவியல் அமைப்புகள் கூட்டாக வெளியிடும் தர நெறிகள் அதற்கு ஐந்து பக்கத்திலிருந்து சான்று கேட்கின்றன: உள்ளடக்கம், பதில் உருவாகும் முறை, உள்ளமைப்பு, மற்ற அளவீடுகளோடு உறவு, பயன்படுத்துவதால் வரும் விளைவு. நிபுணர்களின் கையெழுத்து முதல் பக்கத்தை மட்டுமே தொடுகிறது. அதுவும் 'சரி' என்ற ஒரு சொல்லோடு வந்த சான்றிதழ் என்றால் அதையும் முழுதாகத் தொடவில்லை. சிமுலேஷன் மதிப்பீடுகள் பற்றிய 217 ஆய்வுகளை டேவிட் குக் குழு அலசியது. பெரும்பாலானவை எடுத்துக்காட்டிய சான்று, புதியவரைவிட அனுபவசாலி அதிகம் வாங்கினார் என்பது. அது கிட்டத்தட்ட எந்தக் கருவிக்கும் பொருந்திப்போகும். முதலாண்டு மாணவரையும் இருபது வருட நிபுணரையும் பிரிக்கத் தெரிந்த கருவி, பயிற்சி முடித்த இருவரில் யாரை வார்டுக்கு அனுப்பலாம் என்று சொல்லத் தெரிந்ததாக ஆகிவிடாது.

பதில் உருவாகும் முறை என்ற பக்கம் நம் ஊருக்கு மிகவும் வேண்டியது. வெளிநாட்டுக் குழுப்பணிக் கருவிகளில், தலைவர் தவறு செய்யும்போது உறுப்பினர் வாய்திறந்து சொன்னாரா என்று ஒரு கூறு இருக்கும். நம் வார்டில் மருந்தின் அளவு தவறாக இருப்பதைக் கவனித்த ஸ்டாஃப் நர்ஸ், "சார், ஒரு தடவை கேஸ் ஷீட்டைப் பார்த்துக்கிறீங்களா?" என்று கேட்பார். அவரைப் பொறுத்தவரை அது முழு எச்சரிக்கை. டாக்டருக்கும் புரிந்துவிடும், கை நின்றுவிடும். வெளிநாட்டு எடுத்துக்காட்டுகளோடு பழகிய மதிப்பீட்டாளர் நேரடியான மறுப்பை எதிர்பார்த்து பூஜ்யம் போட்டுவிடுவார். எண் தாளில் ஏறிவிடும், நடந்தது தாளில் இருக்காது. அதனால்தான் கருவியை இறக்குமதி செய்தால் மட்டும் போதாது, எதைப் பார்த்தால் எத்தனை மதிப்பெண் என்பதற்கு நம் வார்டுகளிலிருந்து எடுத்துக்காட்டுகள் எழுதி, மதிப்பிடுவோரோடு உட்கார்ந்து பேச வேண்டும். கிராமச் சுகாதாரச் செவிலியர்களிடம் தமிழில் கேட்கும் படிவம் என்றால் முன்னும் பின்னும் இருமுறை மொழிபெயர்த்து ஒப்பிடும் முறை 1970-இல் ரிச்சர்ட் பிரிஸ்லின் எழுதியதிலிருந்து பழக்கத்தில் இருக்கிறது. அதற்கு மேல், ஓரிருவரை உட்காரவைத்து ஒவ்வொரு கேள்வியையும் படித்து என்ன புரிந்தது என்று சொல்லச்சொல்லிக் கேட்பதுதான் உண்மையில் பிழைகளைப் பிடிக்கும்.

நம்பகம் பற்றிய பேச்சு பெரும்பாலும் கிரான்பாக் ஆல்ஃபாவோடு முடிந்துவிடுகிறது. 1951-இல் வந்த அந்த எண் படிவத்தின் கேள்விகள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றனவா என்று மட்டும் சொல்லும். ஒரே கேள்வியைச் சொல்மாற்றிப் பத்து முறை கேட்டாலும் ஆல்ஃபா உயரும். பார்த்து மதிப்பிடும் கருவிக்கு வேண்டியது, இரண்டு பேர் பார்த்தால் ஒத்துப்போகிறார்களா என்பது. அங்கும் ஒரு கண்ணி இருக்கிறது. 100 மாணவர்கள், 'கை கழுவினாரா' என்ற ஒரு கூறு என்று வைத்துக்கொள்வோம். 90 பேருக்கு இருவரும் 'ஆம்' போடுகிறார்கள். 5 பேருக்கு முதலாமவர் மட்டும் 'ஆம்', இன்னொரு 5 பேருக்கு இரண்டாமவர் மட்டும். ஒத்துப்போனது 90 சதவீதம். ஆனால் ஆளுக்கு 95 'ஆம்' என்ற கணக்கில், கண்ணை மூடிக்கொண்டு போட்டாலே 90.5 சதவீதம் ஒத்துப்போகும். தற்செயலைக் கழித்துச் சொல்லும் கோஹனின் கப்பா இங்கே பூஜ்யத்துக்கும் கீழே போய்விடுகிறது. கை கழுவாதவர் யார் என்பதில் இருவரும் ஒருமுறைகூட ஒத்துப்போகவில்லை என்பதை அந்த 90 மறைத்துவிட்டது. புள்ளி அளவுகோலுக்கு இன்ட்ராகிளாஸ் ஒட்டுறவு என்ற கெழு உண்டு. அதில் எந்த வகையைக் கணக்கிட்டோம் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் கொடுப்பதில் பயனில்லை.

இன்னொன்றை நாம் பேசுவதே இல்லை. ஒரு சூழலில் நன்றாகச் செய்தவர் அடுத்த சூழலில் தடுமாறுவார். மாரடைப்புக் காட்சியில் எடுத்த மதிப்பெண்ணை வைத்து ஒவ்வாமை அதிர்ச்சியில் எப்படிச் செய்வார் என்று சொல்ல முடியாது. மருத்துவக் கல்வி ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டது இது. மதிப்பெண்ணில் வரும் ஏற்ற இறக்கத்துக்கு மதிப்பிடுவோரைவிடக் காட்சியே பெரிய காரணமாக இருப்பது வழக்கம். ஆகவே ஒரே காட்சிக்கு மூன்று மதிப்பீட்டாளர்களை நிறுத்துவதைவிட மூன்று காட்சிக்கு ஒருவர் வீதம் நிறுத்துவது பெரும்பாலும் நல்ல முதலீடு.

நடைமுறையையும் மறந்துவிடக்கூடாது. மேனிகினை இயக்கிக்கொண்டு, நோயாளியின் குரலாகப் பேசிக்கொண்டு, 15 கூறுகளை ஒருவரே குறிக்க முடியாது. வீடியோ எடுத்துப் பிறகு பார்ப்பது நல்லது. மாணவர் எந்தக் குழுவைச் சேர்ந்தவர், காட்சி பயிற்சிக்கு முந்தையதா பிந்தையதா என்பது மதிப்பிடுவோருக்குத் தெரியாமல் மறைக்கவும் அதுதான் வழி. கருவியின் உச்சமும் முக்கியம். பயிற்சிக்கு முன்பே எல்லோரும் ஐந்துக்கு நான்கரை வாங்கும் படிவத்தில் முன்னேற்றம் காட்ட இடமே இருக்காது. எதைத் தேர்ந்தாலும் யார் மதிப்பிட்டார்கள், எவ்வளவு பயிற்சி பெற்றார்கள் என்று எழுத வேண்டும். சிமுலேஷன் ஆய்வுகளை எப்படி அறிக்கையிடுவது என்று 2016-இல் வெளியான நெறிமுறைகள் இதையெல்லாம் வரிசையாகக் கேட்கின்றன.

எம்.பி.பி.எஸ். படிப்புக்குத் திறன்சார் பாடத்திட்டம் 2019-இல் வந்தபிறகு ஸ்கில் லேப் மருத்துவக் கல்லூரிகளுக்குக் கட்டாயமாகிவிட்டது. மேனிகின்கள் வந்திறங்கிவிட்டன. அளவுகோல்கள் நம் கைக்குப் பழகவில்லை. புதுக் கருவி செய்யும் ஆசையை முதுகலை மாணவர்கள் ஒத்திப்போடலாம் என்பது என் கருத்து. இருக்கும் ஒன்றை எடுத்து, உதாரணமாக 'டீம்' கருவியை எடுத்து, நம் மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவுக் குழுக்களை வீடியோவில் பதிந்து, நான்கைந்து மூத்த செவிலியர்களும் மருத்துவர்களும் தனித்தனியே மதிப்பிட்டு, எந்தக் கூறில் ஒத்துப்போகிறார்கள், எதில் பிரிகிறார்கள், ஏன் பிரிகிறார்கள் என்று விசாரித்து எழுதினால் அதுவே ஒரு முழு ஆய்வேடு. அடுத்து வரும் மாணவர் அதன்மேல் ஏறி நின்று, பயிற்சியால் குழுப்பணி மாறியதா என்று கேட்கலாம். வழிகாட்டிகள் இதைத் தலைப்பாக ஏற்றுக்கொள்ள வேண்டும், 'பயிற்சியின் தாக்கம்' என்று முடியாத தலைப்பைத் திருப்பி அனுப்பும் பழக்கத்தை விட வேண்டும். இரண்டு கல்லூரிகள் வீடியோக்களை, உரிய ஒப்புதலோடு, பகிர்ந்துகொண்டால் ஒரே ஆண்டில் இதைச் செய்துவிடலாம்.